ஊதலும் புளியாணமும்

கிண்ணியாவில் அபூதாஹிரின் வானை எல்லோருக்கும் தெரியும். சாவியைத் திருப்பியதும் அதற்குள்ளிருந்து ஒரு பெண் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லுவாள். வான் ஜப்பானிலிருந்து பாவித்த வாகனமாக வந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஏறுகிறவர்கள் கேட்டால், "சாப்பிட்டீங்களாண்டு கேக்கிறா" என்பார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்னர், வாகனங்களை ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கிற, பாதை என்று சொல்லும் பெரிய மிதவையில் கயிறு கட்டுபவராக இருந்தார். பாதை வரும்வரை காத்திருந்த ஒரு லொறிச் சாரதி, பொழுது போகாமல் ஊதிய மவுத்ஓர்கனை அவர் கையில் கொடுத்து, "நீயும் ஊதிப் பார்" என்றார். ஊதிப் பார்த்தார். அன்று பிடித்தது விடவில்லை. சினிமாப் பாட்டு எதையும் முழுதாக ஊத அவருக்கு வராது. பாதி வழியில் மெட்டு தன் பாட்டுக்கு வேறு எங்காவது போய்விடும். அப்படிப் போனவற்றையே சேர்த்துத் தனக்கென்று மெட்டுகள் வைத்திருந்தார். பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் கிடந்த வருடத்தில் மட்டும் மூன்று மெட்டுகள் பிறந்தன. அவற்றுக்கு முதலாம் லைன், இரண்டாம் லைன், மூன்றாம் லைன் என்று பெயர்.

அவருடைய மனைவி றுமானாவுக்கு இந்த ஊதலில் பெரிய மதிப்பில்லை. "கொதிக்கிற கேத்தலும் ஊதுது, இவரும் ஊதுறார்" என்பாள்.

செவ்வாயும் சனியும் அபூதாஹிருக்கு ஆஸ்பத்திரி ஓட்டம். அதிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு மூதூருக்குப் போய்ப் பாலசிங்கத்தை ஏற்றுவார். பாலசிங்கம் ஈச்சிலம்பற்றில் வயல் செய்தவர். சிறுநீரகம் பழுதான பிறகு மூதூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய மனைவி யோகம்மாவும் ஒவ்வொரு முறையும் துணைக்கு வருவார். திரும்பிக் கிண்ணியாவுக்கு வந்து சுபைதாவை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போவார்கள். சுபைதா ஊரில் கலியாண வீடுகளுக்குச் சமைத்த கைக்காரி. ஐந்நூறு பேருக்கு உப்புப் பார்த்தவர். இப்போது அவருக்கே உப்பு அளவு, தண்ணீர் அளவு, தேங்காய் அளவு, வாழைப்பழம் அறவே இல்லை. இந்த நோய் வந்த பிறகு அவர் அதிகம் கதைப்பதில்லை.

இரண்டு பேருக்கும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிப்பார்கள். அதுவரை அபூதாஹிர் ஆஸ்பத்திரி மதிலோரம் வேப்பமர நிழலில் வானை நிறுத்தி, அதற்குள் இருந்து ஊதுவார். யன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கும் பாலசிங்கத்துக்கு அது கேட்கும்.

போகும் பயணத்தைவிடத் திரும்பும் பயணம்தான் கடினம். உடம்பு துவண்டிருக்கும். பாலசிங்கத்துக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். கதைக்கவும் ஏலாது, சும்மா இருக்கவும் ஏலாது. வானின் வானொலி ஜப்பான் அலைவரிசைக்கு ஏற்றது. இங்கத்தைய நிலையங்கள் அதில் இரைச்சலாகத்தான் வரும். பென்டிரைவ் சொருக அதில் துளையும் இல்லை. இறுவட்டு போடுகிற வாய் மட்டும் இருந்தது.

ஒரு நாள் சீனன்குடா தாண்டும்போது பாலசிங்கம் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"தம்பி, நீர் மரத்தடியில ஊதுறதை இதுக்குள்ள போட ஏலாதே?"

"ரெண்டு கையும் ஸ்டியரிங்கில ஐயா. எப்பிடி ஊதுற?"

"அதைக் கேக்கேல்ல. சீடியில போடும்."

அன்று மாலையே அபூதாஹிர் றுமானாவின் போனை வாங்கிக் குசினி வாசற்படியில் வைத்து ஊத ஆரம்பித்தார். முன்னறையில் மின்விசிறிச் சத்தம், முற்றத்தில் அயல்வீட்டு ஆடுகள். குசினிதான் அமைதியாக இருந்தது, றுமானா அங்கே இல்லாதபோது. நான்கு நாட்களில் பதினாலு மெட்டுகள் சேர்ந்தன.

போனை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கும், அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சஜீத்திடம் போனார்.

"சீடியா காக்கா? இப்ப ஆர் சீடி கேக்கிற?" என்றபடி சஜீத் மேசை லாச்சிகளைக் கிளறினான். கலியாண வீடியோ எழுதிக் கொடுத்த காலத்தில் மிஞ்சிய வெற்று இறுவட்டுகள் மூன்று கிடைத்தன. ஒன்றைக் கணினிக்குள் தள்ளி ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தான்.

வான் அதை விழுங்கியது. உள்ளே சுற்றும் சத்தம் கேட்டது. வானொலியின் சின்னத் திரையில் ஜப்பான் எழுத்து நாலைந்து ஓடியது. பிறகு இறுவட்டை வெளியே துப்பியது. அபூதாஹிர் துடைத்துப் போட்டார். மறுபடியும் துப்பியது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தனக்கென்று வைத்திருந்த ஒன்றை முதல் தடவையாக வெளியே கொடுக்க, யாரோ வேண்டாம் என்று திருப்பித் தந்ததுபோல இருந்தது.

சஜீத் கடையை விட்டு இறங்கி வந்து, போனை அந்த எழுத்துகளுக்கு நேரே பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தான்.

"இந்தத் தட்டை வாசிக்க ஏலாதாம். உங்கட ஊதல்ல பிழையில்ல காக்கா, என்னிலதான் பிழை. நான் போனில இருந்த மாதிரியே பைலாக் கொப்பி பண்ணிப்போட்டன். கம்ப்யூட்டருக்கு அது விளங்கும். இது பழைய செட். கடையில விக்கிற பாட்டுச் சீடி எப்பிடி எழுதியிருக்கோ, அப்பிடி எழுதினாத்தான் இதுக்கு விளங்கும்."

இரண்டாவதைப் பாட்டுச் சீடி போலவே எழுதினான். கடைக் கணினியில் பாடியது. வானில் பாடவில்லை. சஜீத் தலையைச் சொறிந்துகொண்டு பழைய நண்பன் ஒருவனுக்குப் போன் எடுத்துக் கேட்டான். எழுதி முடிந்ததும் இறுவட்டை மூடவேண்டும், இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று அதிலேயே குறித்துவிடவேண்டும். மூடாத இறுவட்டை இப்படிப்பட்ட செட்டுகள் தொடாது என்று அவன் சொன்னான். வேகத்தையும் குறைத்து எழுதச் சொன்னான்.

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. எழுதுவதற்கு முன் சஜீத் எல்லா மெட்டையும் ஒருதரம் ஓடவிட்டுப் பார்த்தான்.

"நாலாவதில ஒரு பொம்பிளக் குரல் கேக்குது. வெட்டவா?"

"வெட்டினா மெட்டு அரையோட நிக்கும். விடு."

மூன்றாவது இறுவட்டை வான் விழுங்கிச் சற்று யோசித்தது. பிறகு திரையில் 01 என்று வந்தது. அடுத்த கணம் அபூதாஹிரின் சொந்த மூச்சு, அதைத் தொடர்ந்து முதலாம் லைன். மூக்கால் அவர் இழுக்கும் காற்றுக்கூடக் கேட்டது. நடுவீதியில் உடுப்பில்லாமல் நிற்பதுபோல வெட்கமாக இருந்தது. சஜீத் கதவில் சாய்ந்து நின்று கடைசிவரை கேட்டுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை போகும்போது அபூதாஹிர் அதைப் போடவில்லை. துணிவு வரவில்லை. திரும்பும்போது, பாலசிங்கம் காலைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கிய பிறகுதான் பொத்தானை அழுத்தினார். முதல் மெட்டு முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது. கண்ணாடியில் பார்த்தார். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தக் கை நீட்டினார்.

"விடுங்க தம்பி," என்றார் சுபைதா.

நாலாவது மெட்டின் நடுவில் றுமானா வந்தாள். "இஞ்ச பாருங்க, ஊதினது போதும். புளியாணம் கொதிச்சு வழியுது, அந்த மூடிய எடுங்க."

ஊதல் அரை நொடி தடுமாறி, மூடி விழும் சத்தத்தோடு மறுபடி தொடர்ந்தது.

சுபைதாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று யோகம்மா பயந்து திரும்பினார். சுபைதா சிரித்துக்கொண்டிருந்தார். வாயை முந்தானையால் மூடியும் அடங்கவில்லை. யோகம்மாவும் சேர்ந்து சிரித்தார். பாலசிங்கம், "உமக்கு வீட்டிலயும் இந்த நிலைதானோ?" என்றார்.

"வீட்டிலதான் ஐயா கூட."

"என்ன மீன் போட்டவ?" என்று சுபைதா கேட்டார்.

"சூடை, ராத்தா."

"சூடைக்குப் புளியாணம் வழியக் கொதிக்கப்படாது. மீன் உடஞ்சு போகும்."

அந்த மாதங்களில் சுபைதா வானுக்குள் கதைத்த மிக நீண்ட கதை அதுதான். வீட்டு வாசலில் வான் நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மெட்டு முடிந்த பிறகுதான் காலைக் கீழே வைத்தார். மூதூருக்குப் போய்ச் சேர்ந்தபோது பாலசிங்கம் வாய் திறந்தபடி உறங்கியிருந்தார்.

இரண்டு வாரத்தில் வானிலிருந்த எல்லோருக்கும் பதினாலு மெட்டும் பாடமாகிவிட்டன. பாலசிங்கம் இன்னும் மெட்டு வேண்டும் என்றார். இறுவட்டில் இடம் இருந்தது. ஆனால் மூடியாகிவிட்டதால் சேர்க்க முடியாது, புதிதாகத்தான் எழுதவேண்டும் என்று சஜீத் சொல்லி, திருகோணமலையில் ஒரு காகிதாதிக் கடையில் தூசி படிந்த இறுவட்டுக் கட்டு ஒன்றைத் தேடி வாங்கி வந்தான்.

"உங்களுக்கு எப்பிடி மெட்டு வேணும் ராத்தா?" என்று அபூதாஹிர் கேட்டார்.

சுபைதா யோசித்தார். "மெட்டு உள்ளது காணும். உங்கட பொஞ்சாதி கதைக்கிறதக் கொஞ்சம் கூடப் போடுங்க. என்ன ஆக்கினாண்டு சொல்லச் சொல்லுங்க. திங்கத்தான் ஏலாது, கேக்கலாம்தானே."

அபூதாஹிர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது றுமானா முதலில் நம்பவில்லை. முப்பது வருடம் ஊதிய மனிதனை விட்டுவிட்டு, அடுப்படியில் நின்று கத்திய தன்னை யார் கேட்பார்கள்? பிறகு, சூடை மீன் உடைந்து போகும் என்று சுபைதா சொன்னதையும் அவர் சொன்னார். றுமானா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துத் தானே அழுத்தினாள்.

"சுபைதா ராத்தாவுக்குச் சொல்லுறன். எங்கட வீட்டுப் புளியாணம் வழிஞ்சது உண்மை. மீன் உடையல்ல. கடைசியாத்தான் போட்டன்."

புதிய இறுவட்டில் ஒவ்வொரு இரண்டு மெட்டுக்கும் இடையில் றுமானா இருக்கிறாள். நண்டு வாங்கிய கதை, முருங்கையிலைச் சுண்டலில் தேங்காய்ப்பூ எப்போது தூவுவது என்ற கதை, கடைசியில் விறகு ஈரமாகிப்போன கதை. அபூதாஹிருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். "பத்தாவது மெட்டை நல்லா ஊதியிருக்கிறன், அதை ஒருத்தரும் சொல்லல்ல" என்று சஜீத்திடம் சொன்னார். "பத்தாவது நல்லம் காக்கா," என்றான் சஜீத். "ஆனா ஆஸ்பத்திரி ஓட்டம் ஓடுற மத்த வான்காரர் ரெண்டு பேர், றுமானா ராத்தா கதைக்கிற சீடிதான் வேணுமெண்டு கேட்டிட்டுப் போனவங்க."

நோன்பு மாதம் வந்தது. பாலசிங்கத்துக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டார்கள். அப்போது வார்டில் ஒரு தாதியின் பழைய செட்டில் இரண்டு இறுவட்டும் மாறி மாறிப் பாடின. மெலிந்து திரும்பி வந்தவர், தன் பெயருக்கு ஒரு மெட்டு வேண்டும் என்று கேட்டார். வயல்வரம்பில் நடக்கிற மாதிரி மெதுவாக இருக்கவேண்டுமாம். அபூதாஹிர் மூன்று வாரம் எடுத்து அதை ஊதி முடித்தார். சஜீத் அதை றுமானாவின் புதுக் கதைகளோடு இன்னொரு இறுவட்டில் எழுதிக் கொடுத்தான்.

போன செவ்வாய் திரும்பும்போது அதைத்தான் போட்டார்கள். பாலசிங்கம் விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டு கேட்டார். மெட்டு முடிந்ததும் றுமானா வந்து, தக்காளி விலை கூடிவிட்டதால் புளியாணத்தில் தக்காளியை விட்டுவிட்டுப் பழப்புளி இன்னொரு உருண்டை கரைத்தேன் என்றாள்.

"அது கூடிப்போச்சு," என்று சுபைதா செட்டைப் பார்த்தே சொன்னார். "ஒரு உருண்டை காணும். தம்பி, வீட்டில மறக்காம சொல்லுங்க."

"ஓம் ராத்தா," என்று சொல்லிவிட்டு அபூதாஹிர் கிண்ணியாப் பாலத்தில் வானை ஏற்றினார்.