எஸ்தர் தராத ஓட்டு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் வண்டிக்காக நின்றிருந்தபோது பேத்தி ரேவதி போன் செய்தாள். "ஆயா, எஸ்தர் அக்கா எறந்துட்டாங்க."

"எந்த எஸ்தரு?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே எஸ்தர்தான். நெஞ்சுவலி என்றாள். நாற்பதுகூட ஆகாத பெண்ணுக்கு என்ன நெஞ்சுவலி? வண்டி வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை.

உங்களுக்கே தெரியும், எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் நம் செயலியைத் தொடங்கியவள் அவள். காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திறந்து திருத்தலாம். எந்தத் திருத்தம் நிலைக்கும் என்று முடிவு செய்யத்தான் ஓட்டு. ஏற்கெனவே ஓட்டு உள்ளவர்கள் கை தூக்கினால்தான் புதிதாக ஒருவருக்கு ஓட்டு கிடைக்கும். கோடிங் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஓட்டு போதும் என்று சிலர் சொன்னபோது, "தெனம் கேட்டுக்கினு தப்பு சொல்றவங்க இன்னா வெளியாளா?" என்று சண்டைக்குப் போனாள். அப்படித்தான் அஞ்சாவதோடு நின்று, தினமும் அதைக் கேட்டுத் தப்பு சொல்லும் எனக்கும் ஓட்டு வந்தது. தெருவில் நான் அதைச் சொல்லாத வீடில்லை.

ரேவதி அந்தச் செயலிக்குக் கோடிங் எழுதுகிறாள். கெட்டிக்காரி; நான் சொல்லாமல் யார் சொல்வது? போன வருடம் அவளுக்கும் ஓட்டு கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. எஸ்தரை உட்கார வைத்துக் கூழ் ஊற்றினேன்.

"பேத்திக்கு ஓட்டு குடுத்துடும்மா."

"மொதல்ல நீ கை தூக்கக் கூடாது ஆயா. சொந்தக்காரங்க தூக்கினா ஊரே சிரிக்கும்."

"குடிக்கிறது என் வூட்டுக் கூழு."

"கூழு ஜோரா கீது. கூழுக்கெல்லாம் ஓட்டு கெடையாது."

மாதக் கூட்டம் போனில் நடக்கும். முகம் பார்த்துக் கை தூக்குவோம். எல்லார் எதிரிலும் எஸ்தர் சொன்னாள்: "ரேவதி நல்லாத்தான் எழுதுது. அடுத்தவங்க எழுதினத ஒரு தபாகூட எடுத்துப் பாக்கல. தன் வேலைய மட்டும் பாக்கறவங்களுக்கு ஓட்டு எதுக்கு?"

அன்று ஓட்டு கிடைக்காமல் ரேவதி அழுதாள். நான் எஸ்தரோடு பேசுவதையே நிறுத்தினேன். ஆனால் அதற்குப் பிறகு ரேவதி மற்றவர்கள் அனுப்பியதையும் திறந்து பார்த்தாள். புதிதாக வந்தவர்களுக்குப் பொறுமையாகப் பதில் எழுதினாள்.

இந்த வருடம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு எஸ்தர் என் வாசலுக்கு வந்தாள். "ஆயா, இந்த தபா ரேவதி பேர நான்தான் சொல்லப் போறேன். நீ கம்முனு இரு." இரண்டே நாளில், செவ்வாய்க்கிழமை, ஆளே இல்லை. என் கையாலேயே மண் போட்டேன். இருந்தும் நம்ப முடியவில்லை.

எஸ்தரின் ஓட்டை ரேவதிக்கே கொடுத்துவிடலாம் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். பாசத்தில் சொன்னீர்கள், தெரியும். "அவங்க ஓட்டு எனக்கு வாணாம். என் பேருக்கு நீங்க கை தூக்கினா போதும்" என்று ரேவதியே சொல்லிவிட்டாள்.

நேற்று கூட்டம் தொடங்கும்போது, "இருங்க, எஸ்தரும் வந்துடட்டும்" என்று சொல்லிவிட்டேன். பிறகு ரேவதியின் பெயரை வேறொருவர் சொன்னார். ஒவ்வொருவராகக் கை தூக்கினீர்கள். என் கையும் எழப் பார்த்தது. மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சொந்தக்காரி கை தூக்கக் கூடாது என்று எஸ்தர் சொன்னாளே, அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

ரேவதிக்கு ஓட்டு கிடைத்துவிட்டது.