எழுத்துகளுக்கு நடுவே ஒரு முள்

மருந்து லேபிள் அடிக்கும் அச்சகத்தில் அவளுக்குப் பிழை பார்க்கும் வேலை. ஒரு புள்ளி தள்ளியிருந்தாலும் பிடித்துவிடுவாள். அதனால் அவளுக்கு அங்கே ‘பூதக்கண்ணாடி’ என்றே பெயர்.

வீட்டில் அவளும் அண்ணனும்தான். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அவர், கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டே கதி என்று கிடந்தார். சில மாதங்களாக அதில் அடிக்கடி டீசல் தீர்ந்து நடுவழியில் நின்றார்.

“டீசல் மீட்டர் முள்ளே தெரியல. இந்த கேமைப் பண்ணினவனுக்கு அறிவே இல்ல.”

“இரு, நான் மாத்தித் தரேன்.”

விளையாட்டின் கோப்புறையைத் திறந்தாள். நானூறு படக் கோப்புகள். பெயருக்குப் பதில் வெறும் எண்கள். ஒன்றைத் திறந்தால் பொத்தானும் அம்புக்குறியும் சட்டமுமாக, சில தலைகீழாக, ஒரே தாளில் நெருக்கியடித்துக் கிடந்தன. அவளுக்கு அது புதிதில்லை. அச்சகத்திலும் தாள் வீணாகாமல் லேபிள்களை இப்படித்தான் அடுக்குவார்கள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் தாவு தீர்ந்துவிடும். பாதிக் கோப்புகளில் ஊதா நிறத்தை அப்பி விளையாட்டை ஓடவிட்டாள். முள் ஊதாவானால் அந்தப் பாதியில் இருக்கிறது, இல்லாவிட்டால் மறுபாதியில். பிறகு அதிலும் பாதி. ஒன்பதாவது முறை சிக்கியது. மற்ற மீட்டர் படங்களோடு அது இல்லை. எழுத்துகள் இருந்த தாளில், கேள்விக்குறிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. ஊதாவையெல்லாம் நீக்கிவிட்டு, முள்ளை மட்டும் தடிமனாக, அடர்மஞ்சளாக ஆக்கினாள்.

“இப்பப் பாருண்ணா.”

அவர் திரையை நேராக உற்றுப் பார்த்தார். “எங்க? நீ எதையும் மாத்தலையே.”

திரையின் இடது ஓரத்தில் முள் மஞ்சளாக நின்றது. அவள் அவருடைய இடப்பக்கம் கையை நீட்டி அசைத்தாள். அவர் திரும்பவில்லை.

“அண்ணா, இந்தப் பக்கம் தெரியுதா இல்லையா?”

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “கொஞ்ச நாளாவே மங்கல்தான். சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே.”

“இப்பவும் இழுத்துட்டுத்தான் போகப்போறேன். சட்டையை மாத்து.”

கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார் மருத்துவர். போன பார்வை திரும்பாது. தினமும் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

வீட்டுக்கு வந்ததும் அவராகவே தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் ஓட்டப் பழக மூன்று வாரமானது. பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர் ஓயாமல் குறை சொன்னார்.