எஸ்தரின் சுண்டுவிரல்

போன வாரம் பழைய இரும்புக் கடைக்கு ஒரு ஓட்டைக் குக்கரைப் போடப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த டைப்ரைட்டர் ஒன்று கிடந்தது. கை சும்மா இருக்குமா? இங்கிலீஷ் ‘ஏ’ எழுத்தைத் தட்டினேன். அச்சு எழும்பிப் போய் உருளையில் ஒட்டிக்கொண்டது, திரும்பவில்லை. மை நாடாவும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வேறு. எஸ்தர் ஞாபகம் வந்து, குக்கரை மறந்தே போனேன்.

எழுபதுகளின் கடைசியில் இதே ஆரணியில் பள்ளி முடித்த பெண்கள் டைப் கற்க இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவோம். வீட்டில் இருந்தால் தறிக்கு நூல் சுற்றச் சொல்வார்கள் என்பது என் காரணம். எங்கள் மாஸ்டரிடம் நாள் கணக்கு கிடையாது. ஒரு பாடத்தைப் பிழையில்லாமல் அடித்தால்தான் அடுத்தது.

“எத்தினி மாசமா வர்றேன்னு சொல்லாதம்மா, வெரல் வந்துச்சான்னு காட்டு” என்பார்.

எனக்கு வரவில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் கடிதம் அடித்துக்கொண்டிருக்க, நான் முதல் பாடத்திலேயே குடியிருந்தேன்.

எஸ்தர் அப்படியல்ல. சர்ச்சில் என் பக்கத்தில் உட்காருகிற தறிக்கார வீட்டுப் பெண். நல்ல மிஷினுக்கு நாங்கள் அடித்துக்கொள்ளும்போது, அவள் பேசாமல் ஜன்னலோரக் கிழட்டு மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். அதில் ‘ஏ’ அடித்தால் விசை அமுங்கியபடியே சிக்கிக்கொள்ளும். இடது சுண்டுவிரலால் அடித்து, அதே விரலால் அடியிலிருந்து ஒரு சுண்டு சுண்டி எழுப்பவேண்டும். வேகம் குறையாமல் அதைச் செய்வாள்.

அவள் அப்பா வந்தவாசியில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். “பாஸாயிட்டா வேலைக்குப் போ. இல்லாங்காட்டி பேஜார் பண்ணாம கழுத்த நீட்டு” என்று சொல்லிவிட்டார். எஸ்தருக்கு இருந்தது அந்த ஒரு பரீட்சைதான்.

பரீட்சைக்கு மிஷின்களைக் கைவண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூட ஹாலுக்குக் கொண்டுபோவார்கள். அன்று மாஸ்டர் புத்தம்புது மிஷினைக் கொண்டுவந்து எஸ்தர் முன்னால் வைத்தார்.

“பழசே இருக்கட்டுங்க சார்.”

“உனக்குன்னே எடுத்து வெச்சேம்மா. வெண்ண மாதிரி போவும், பாரு.” பெருமையாகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

என்னை யார் பரீட்சைக்கு அனுப்புவார்கள்? வராந்தாவில் அவள் டிபன் பாக்ஸுக்குக் காவல் நின்று ஜன்னல் வழியே பார்த்தேன். புது மிஷினில் ‘ஏ’ தானாகவே திரும்பியது. ஆனாலும் அவள் சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் அதைத் தேடிப் போய்ச் சுண்டி, அடுத்த எழுத்தில் தடுமாறியது. இங்கிலீஷில் ‘ஏ’ இல்லாத வரி எங்கே இருக்கிறது? மணி அடித்தபோது அவள் இன்னும் முடிக்கவில்லை.

“அடக்கி அடக்கிப் பாத்தேன். அது பாட்டுக்குப் போய்கினே இருக்குதுடி” என்றாள். அழக்கூட இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

கல்யாணம் நடந்தது. எதனால் தோற்றாள் என்று மாஸ்டருக்குக் கடைசிவரை தெரியாது. “ஆசையா குடுத்தாரு, சொல்லாத” என்று என் வாயையும் அடைத்துவிட்டாள்.

சில வருஷம் கழித்து வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மடியில் தூங்குகிற பிள்ளையின் முதுகில் அவள் விரல்கள் எதையோ அடித்துக்கொண்டிருந்தன. சுண்டுவிரல் மட்டும் அவ்வப்போது மேலே சுண்டியது. நான் பார்ப்பதைக் கண்டு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மாஸ்டர் என்றோ காலமாகிவிட்டார். போன மழைக்காலத்தில் எஸ்தரும் போய்விட்டாள்.

“ஒண்ணுத்துக்கும் ஒதவாதும்மா அது” என்றார் இரும்புக் கடைக்காரர். அதே மிஷின்தானா என்று தெரியாது. அமுங்கிக் கிடந்த ‘ஏ’ விசையைச் சுண்டுவிரலால் சுண்டிப் பார்த்தேன், எழும்பவில்லை. இப்படி ஒரு மிஷினில் அடிக்கத் தெரிந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள்.