வூட்டுக்குப் போயி என்னிய எழுப்பு

எனக்குப் பேய் பிசாசு, ஆவி, சாமியாடுவது எதிலும் நம்பிக்கை கிடையாது. எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது, நினைத்துக்கொள்ளுங்கள். நான் தையல் கடை வைத்திருக்கிறவள். பக்கத்து வீட்டில் வேப்பிலை அடிக்கும்போதெல்லாம் 'போய் டாக்டரைப் பாருங்க' என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவள். அப்படிப்பட்ட எனக்கு இது நடந்ததே எரிச்சல். அதுவும் பட்டப்பகலில், பாப்பாரப்பட்டி சந்தையில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நடந்தது இன்னும் பெரிய எரிச்சல்.

என் வீட்டுக்காரர் முருகேசன் லாரி ஓட்டியவர். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன வண்டி கவிழ்ந்து, இவர் வண்டி அதில் போய் மோதி, முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். பிழைத்துவிட்டார், வலி மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்பார். உட்கார்ந்தே இருந்ததில் உடம்பு பெருத்தது, கழுத்து பெருத்தது, குறட்டையும் பெருத்தது. அது சாதாரணக் குறட்டை இல்லை. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். அப்பாடா என்று நான் கண்ணை மூடுவதற்குள் கிணற்றில் மூழ்கி எழுந்தவர் மாதிரி ஒரு திணறல், மறுபடியும் ஆரம்பம். பகலில் சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே தூங்கி விழுவார்.

தருமபுரியில் வலிக்கென்று பார்க்கும் டாக்டரம்மா ஒருவர்தான் அவருக்கு வீரியமான மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். போன தடவை, வலி தாங்கவில்லை, கூட்டிக் கொடுங்கள் என்று இவர் கேட்டதும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தூக்கத்துல குறட்டை விடுவாருங்களா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதா?"

"வருதுங்க. ராத்திரி பூரா அதத்தான் கேட்டுகிட்டு படுத்திருக்கிறேன்."

"அப்ப கூட்டித் தர முடியாது. இந்த மாத்திரையே மூச்சை மந்தமாக்கும். ஏற்கெனவே தூக்கத்துல மூச்சு நிக்கிறவருக்கு ரொம்ப ஆபத்து. மொதல்ல தூங்கும்போது மூச்சு எப்படி இருக்குதுன்னு டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். அதுவரைக்கும் நீங்களா ஒண்ணுகூட சேத்துப் போடாதீங்க. தூக்க மாத்திரை, குடி, எதுவும் இதோட சேரக் கூடாது."

பஸ்ஸில் வரும்போது இவர் பொருமினார். "கொறட்டைக்கு ஒரு டெஸ்டாம். எங்கப்பன் விடாத கொறட்டையா?"

"அவரும் தூக்கத்துலதான போனாரு?" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் குறட்டை.

அதன் பிறகு டெஸ்டுக்கு நான் நாள் வாங்குவதும் அவர் தட்டிக் கழிப்பதுமாகப் போனது. ஒரு தடவை மழை, ஒரு தடவை திருவிழா, ஒரு தடவை பங்காளி வீட்டுக் கிரகப்பிரவேசம். எனக்குப் பேசிப் பேசி வாய் வலித்துவிட்டது.

அன்றைக்குச் சந்தை நாள். காலையிலிருந்தே அவருக்கு வலி அதிகம். சோறு வைத்து, ஒரே ஒரு மாத்திரையைத் தட்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு நான் பாப்பாரப்பட்டிக்கு வந்துவிட்டேன். கடைக்கு வேண்டிய பட்டன், ஹூக்கு, லைனிங் துணி எல்லாம் வாங்கியாகிவிட்டது. வீட்டுக்குத் தக்காளி பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"செல்வி."

திரும்பினால் இவர். கருவேப்பிலை விற்கிற இடத்துக்குப் பக்கத்தில், வீட்டில் கட்டியிருந்த அதே லுங்கி, பனியனோடு, காலில் செருப்புகூட இல்லாமல் நிற்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"உங்களுக்கு அறிவிருக்குதா? இந்த இடுப்ப வெச்சிகிட்டு யாரு உங்கள பஸ் ஏறச் சொன்னது? பைத்தியக்காரன் மாதிரி பனியனோட வந்து நிக்கிறீங்களே, என் மானம் போவுது!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் திட்டி அவர் திருப்பித் திட்டாமல் இருந்த நாளே கிடையாது, அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்கும் குரலில், அலுப்பாகச் சொன்னார்.

"வூட்டுக்குப் போயி என்னிய எழுப்பு."

அப்போதுதான் கவனித்தேன், அவர் நிமிர்ந்து நிற்கிறார். சாய்வே இல்லை. கீழே வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். டீக்கடையில் பார்த்தேன், பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன், இல்லை. திரும்பி வந்து தக்காளிக்காரம்மாவிடம், "இங்க நின்னாரே, எந்தப் பக்கம் போனாரு?" என்று கேட்டேன்.

"யாரும்மா? நீ போன்ல யாரையோ திட்டறேன்னு இல்ல நெனச்சேன்" என்றார் அவர்.

நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஒரு ஆட்டோ பிடித்து, என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் கால் வைத்ததும் என்னை நிறுத்தியது அமைதி. குறட்டை இல்லை. உள்ளே கட்டிலில் மல்லாந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது, மார்பு அசையவே இல்லை. தலையணைக்குப் பக்கத்தில் வலி மாத்திரை அட்டை, நான் எடுத்து வைத்ததற்கு மேலேயும் பிரித்திருந்தது. கூடவே இன்னொரு அட்டை. அவர் தங்கை வீட்டுக்காரர் பாசமாகக் கொடுத்துவிட்டுப் போன தூக்க மாத்திரை.

உலுக்கினேன், கன்னத்தில் அறைந்தேன், பெயரைச் சொல்லிக் கத்தினேன். கட்டினவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டது அன்றைக்குத்தான். பெரிய திணறலோடு ஒரு மூச்சு வந்தது. 108-க்கு அடித்தேன். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், விடாமல் கூப்பிட்டுக்கொண்டே மூச்சைப் பாருங்கள் என்றார்கள். நான் வாயை மூடினால் அவர் மூச்சும் நிற்கும். அதட்டினால் வரும். "இழுங்க! மூச்ச இழுங்கன்னு சொல்றனில்ல!" என்று ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மனுஷனை மூச்சுவிடச் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையின் வேகத்தை முறிக்கும் ஊசி போட்டார்கள், கண் திறந்தார். "எப்படிம்மா சரியா அந்நேரத்துக்கு வூட்டுக்கு வந்தீங்க?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். நான் என்ன சொல்வது? "சந்தை வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சுங்க" என்றேன். அவரிடம் மட்டுமில்லை, சந்தையில் பார்த்ததை வீட்டில்கூட நான் யாரிடமும் சொல்லவில்லை. வேப்பிலைக்காரிகள் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கா?

தேறியதும் முதல் வேலையாக அந்த டெஸ்டுக்கு இழுத்துப் போனேன். தூக்கத்தில் ராத்திரி முழுக்க அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது அதில் தெரிந்தது. டாக்டரம்மா தூக்க மாத்திரையைத் தொடவே கூடாது என்றார், வலி மாத்திரையைக் குறைத்து, வேறு மருந்தும் உடற்பயிற்சியும் கொடுத்தார். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின். "லாரி டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்குது" என்று இவர் தினமும் புலம்புகிறார், நான் தினமும் மாட்டிவிடுகிறேன். வலி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பகலில் தூங்கி விழுவதில்லை, கடை வரைக்கும் நடந்து வருகிறார்.

இதோடு முடிந்திருந்தால் வெயிலில் எனக்குத்தான் ஏதோ தோன்றியது என்று விட்டிருப்பேன். போன மாதம் ஒரு சாயங்காலம், நான் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் சொன்னார்.

"இருந்தாலும் அத்தன பேரு முன்னாடி நீ என்னிய பைத்தியக்காரன்னு சொல்லியிருக்கக் கூடாது."

ஊசி விரலில் ஏறிவிட்டது. "எங்க சொன்னேன்?"

"எங்கியோ. கருவேப்பிலை வாசன அடிச்சிது." கொக்கி டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "எத்தன தடவ கூப்புட்டேன் தெரியுமா? நீ திரும்பியே பாக்கல. கடைசியிலதான் திரும்பின."

அதற்கு மேல் கேட்டால், கனவா என்னவோ, ஞாபகமில்லை, டீ போடு என்கிறார். டீ போட்டுக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

ஆனால் ராத்திரி அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது ஒன்றுதான் மனதை அரிக்கிறது. இத்தனை வருஷமாக என் பக்கத்தில் படுத்திருந்த இவருக்கு ராத்திரிக்கு ராத்திரி மூச்சு நின்றிருக்கிறது. அந்தந்த நேரத்தில் எல்லாம் இவர் எங்கே போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாரோ.