இரண்டு மரத்தில் ஒரு லாரி புளி

எண்பதுகளின் தொடக்கத்தில் போளூரில் நான் புளி மண்டி வைத்திருந்தேன். கோடை முடிந்து ஜவ்வாது மலையில் சாமைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் இது நடந்தது.

அந்த வருடம் வருமான வரி அலுவலகத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருந்தது. அப்போது ஒரே ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். கோடு போட்ட செக்காகத்தான் கொடுக்க வேண்டும். விளைவித்தவரிடமே நேராக வாங்கினால் மட்டும் விலக்கு உண்டு. மலையில் பேங்க் இல்லையே என்றேன். பணத்தை மலையிலேயே வைத்துக் கொடுத்திருந்தால் அந்தக் காரணம் செல்லும், நீங்கள் போளூரில் அல்லவா கொடுத்திருக்கிறீர்கள் என்றார்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஜமுனாமரத்தூருக்கு அப்பால், எனக்குப் புளி வந்த மலையூரில் யாரும் தனித்தனியாக மலையிறங்கிப் புளி விற்பதில்லை. எல்லா வீட்டுப் புளியையும் ஒரே லாரியில் ஏற்றி, ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கொண்டுவருவார். மொத்தப் பணத்தையும் துண்டில் முடிந்து கொண்டுபோய், மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரும் பார்க்கப் பங்கு போடுவார். அதனால் என் கணக்கில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. விளைவித்தவர்கள் பதினாறு குடும்பம், ஐயா என்று எழுதிக் கொடுத்தேன். நேரில் விசாரிக்க ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள்.

அவரை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் மனம் கணக்குப் போட்டது. புளி வாங்கிய பணம் முழுவதையும் லாபத்தில் சேர்த்துவிட்டால் வரி கட்ட மண்டியை விற்க வேண்டும். அதுவும் போதாமல் மனைவியின் நகைக்குப் போக வேண்டும். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். ஆனால் மலைக்குப் போகிறோம், அழுக்குத் தெரியாது என்று காக்கிப் பேன்ட் போட்டு வந்திருந்தார். அதன் விளைவு அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஊர் மரங்களில் பல, அரசுக் காட்டு எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றன. தலைமுறையாக உலுக்கி எடுத்தாலும், காட்டு ஆபீசர் மாதிரி காக்கி போட்டவர் முன்னால் “இது என் மரம்” என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது. வழக்கு வரும், மரமும் கையைவிட்டுப் போகும் என்ற பயம்.

கவுண்டர் வீட்டு முன்னால் எல்லாரும் கூடினார்கள். “போன மாசிப் பங்குனியில இவர் மண்டிக்கு வந்த புளி யாரோடது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எல்லாரும் அவர் பேன்ட்டையே பார்த்தார்கள்.

கவுண்டர் எழுந்தார். “எல்லாம் எம்புளிதாங்க.”

“உங்களுக்கு எத்தனை மரம்?”

“ரெண்டுங்க.”

“ரெண்டு மரத்துல ஒரு லாரி புளியா?”

“இந்த வருசம் நல்லாக் காச்சிதுங்க.”

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். “அப்ப மிச்சத்த வாங்கி வித்தீங்களா?”

“ஆமாங்க, ஆமாங்க” என்றார் கவுண்டர், தப்பித்துவிட்ட நிம்மதியில்.

வாங்கி விற்றவர் என்றால் அவர் வியாபாரி, விலக்கு போயிற்று. இவர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று நான் இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மண்டி பிழைக்கும், எல்லைக் கல் விஷயம் வெளியே வரும். சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன்.

கவுண்டர் என் முகத்தைப் பார்த்தார். “இன்னா மொதலாளி, ஒரு மாதிரியா நிக்கிறீங்க? தப்பா எதுனா சொல்லிட்டேனா?”

“நீங்க வாங்கி வித்ததா எழுதினா, அத்தனை பணத்துக்கும் நான் வரி கட்டணும். மண்டிய வித்தாத்தான் முடியும்” என்றேன்.

கவுண்டர் திரும்பி ஊராரைப் பார்த்தார். பிறகு களைக்கொத்தும் கையுமாக நின்றிருந்த ஒரு நடுவயது அம்மாள் முன்னால் வந்தார்.

“இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னாவாம்? எழுதிக்க சார். எனுக்கு மூணு மரம். ஒண்ணு கொல்லையில கீது. ரெண்டு கல்லுக்கு அந்தாண்ட கீது.”

“ஏம்மே, வாய மூடு” என்று அவர் கணவர் அதட்டினார்.

“நீ சும்மா இருய்யா. துட்டு வாங்கும்போது மட்டும் கைய நீட்ன இல்ல?”

இன்ஸ்பெக்டர் எழுதப்போன பேனாவை நிறுத்தினார். “மரம் எங்க நிக்குதுன்னு நான் கேக்கலம்மா. காய உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்தது யாரு, பங்கு வாங்குனது யாருன்னுதான் கேட்டேன். நான் காட்டு ஆபீசரும் இல்ல.”

“நாந்தான் தட்டுனேன். கையப் பாரு” என்று அந்த அம்மாள் உள்ளங்கையை நீட்டினார்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் மேல் நம்பிக்கை வந்துதான் எல்லாரும் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் கைநாட்டு வைக்கும் முன் எல்லைக் கல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். இருந்தாலும் வைத்தார்கள். எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினாறும் சரியாக வந்தது. பதினாறாவது ஆளாகக் கடைசியில் கவுண்டர் வந்து, “எனுக்கு ரெண்டே மரந்தாங்க, அது நெசம்” என்றார்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்த அம்மாளிடம் நன்றி சொன்னேன். “உம் மண்டி போய்ட்டா எங்க புளிய எவன் தலையில கட்றது?” என்று சொல்லிவிட்டு அவர் களை வெட்டப் போய்விட்டார்.

சில வாரங்களில் விலக்கு தந்து உத்தரவு வந்தது. அடுத்த பருவத்திலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி ரசீது போட்டு, கைநாட்டு வாங்கிக்கொண்டேன். கவுண்டர் மட்டும் வந்தாலும் பதினாறு ரசீதும் அவரோடு மலைக்குப் போய்க் கைநாட்டோடு திரும்பி வரும். சிறு வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: உங்களுக்கும் ஊருக்கும் தெரிந்த வழக்கம் வரி அதிகாரிக்குத் தெரியாது, நடந்ததை நடந்தபடி எழுதி வையுங்கள்.

மரத்தை வைத்து அவர்களில் யாருக்கும் வம்பு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் வரக்கூடும் என்று சில வருடம் தூக்கம் கெட்டது உண்மை. இந்த வயதிலும் வரிக் கணக்கு கொடுக்கும் மாதம் வந்தால் எனக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் என்னைவிடக் குறைவாக வைத்திருந்தவர்கள் அதையும் இழக்கத் துணிந்து எனக்காக விரல் நீட்டியதை நினைக்கும்போது, என் கவலையைப் பெரிதாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.