செலியமேட்டு நொச்சியும் அக்காவின் மஞ்சள் தண்ணீரும்

காலையில் பாரீஸ் குளிரில் மூக்குச் சிவக்க ஆய்வுக்கூடம் போனதும் நான் செய்யும் முதல் வேலை, புற்றுநோய்க்குத் தீனி போடுவது. யாரோ ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்த செல்கள் அவை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவை கண்ணாடித் தட்டில் பெருகிக்கொண்டிருக்கின்றன. கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்தான் உணவு. மாடு கட்டிய வீட்டில் பிறந்தவளுக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பாருங்கள்!

எங்கள் ஊர் செலியமேட்டில் அம்மாவும் மார்க்கட்டியில்தான் இறந்தாள். வெட்கப்பட்டுக் கடைசிவரை மறைத்தாள். தெரிந்ததும் அக்கா வீட்டு வேலியில் நின்ற நொச்சியின் தழையை வதக்கிக் கட்டினாள். பிறகு டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லார் முன்னாலும், "தழையக் கட்டியே கொன்னுட்டியேம்மா" என்று அக்காவைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா அந்த வேலிப்பக்கம் திரும்புவதில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, இந்த வேலையும் கிடைத்ததும், அதே தழையைச் சோதித்தே தீருவது என்று நின்றேன். எங்கள் தலைவி மதாம் ஒரு வாய்ப்புத் தந்தார். பக்கத்து ஊரான பாகூர் மளிகைக்கடைப் போனில் அக்காவைப் பிடித்துக் கெஞ்சி, யாரையாவது விட்டு ஒடிக்கச் சொல்லி, காய்ந்த தழையை வரவழைத்தேன்.

சாறு பட்ட தட்டில் செல்கள் செத்து மிதந்தன. மதாம் என் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். நானோ சாற்றை வடிகட்டிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். உடனே அக்காவுக்குப் போன்.

"ஆமாண்டி, மஞ்சத்தண்ணில நனைச்சுத்தான் காய வெச்சேன். பொறந்த வூட்டுலேர்ந்து எதையாவது வெறுமனே அனுப்புவாங்களா? இன்னா பொண்ணுடி நீ!"

தலையில் அடித்துக்கொண்டேன். கொன்றது நொச்சியா, மஞ்சளா? மதாமிடம் உள்ளதைச் சொன்னேன், இது பிறந்த வீட்டு மங்கலம் என்று. அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து, "இந்தச் சடங்கை வேறு யாராவது செய்தாலும் இதே பலன் வருமா?" என்று கேட்டார். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெறுந்தழை அனுப்பச் சொன்னதற்கு அக்கா அழுதாள். ஆனாலும் அனுப்பினாள். இம்முறை நொச்சிக்குத் தனித் தட்டு, மஞ்சளுக்குத் தனித் தட்டு. மறுபடி மறுபடி செய்து பார்த்தோம். மஞ்சளும் கொஞ்சம் கைவரிசை காட்டியது. அது தனி வழக்கு. நொச்சி ஒவ்வொரு முறையும் கொன்றது. ஆய்வுக்கூடம் என்றும் பாராமல் போனில் அக்காவிடம் கத்திவிட்டேன்.

"தட்டுல சாவறது வேற, ஒடம்புல சாவறது வேறக்கா. கட்டின்னா மொதல்ல ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். ஆனா நீ கட்டுனது வெத்துத் தழை இல்ல."

 உடனே கடைக்காரரிடம் அவள் போட்ட குரலில் எனக்கே காது அடைத்தது: "கேட்டியா மொதலாளி! எங்க வேலி நொச்சிக்குப் பாரீசுல பேருப்பா!" மறுநாளே தானே வேலிக்குப் போய்த் தழை ஒடித்தாளாம்.

இன்று மதாம் நொச்சித் தட்டின் மேல், தழை வந்த ஊரென்று, பிரெஞ்சு எழுத்தில் 'பாகூர்' என்று எழுதி ஒட்டினார். செல்களை வைக்கும் பெட்டி எப்போதும் உடம்புச் சூட்டில், எங்கள் ஊர் வெயில்போல இருக்கும். தட்டை உள்ளே வைத்தவள், கையை எடுக்க மறந்து நின்றேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "கதவை மூடு, சூடு போகிறது" என்றார் மதாம். முழங்கை வரை ஊரில் இருந்தேன். மிச்சம்தான் பாரீஸில் நின்றது.