சனிக்கிழமைச் சப்பாத்து

என் மகள் யாழினிக்கு ஐந்து வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. இன்னும் பேச்சு வரவில்லை. சனிக்கிழமைதோறும் செடெனாக்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய என் மாமனார் வீட்டுக்குப் போவோம். தாத்தாவோடு கோழிகளுக்குத் தீனி போடுவதென்றால் அவளுக்கு உயிர்.

"அங்க களைக்கு மருந்தடிக்கிறாங்கல்ல. அந்தக் காத்துதான் பிள்ளைய இப்படி ஆக்கிடுச்சு" என்று வேலையிடத் தோழி சொன்னாள். நம்பினேன், போவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளையைக் காணோம். நானும் கணவரும் பக்கத்து வீடெல்லாம் அலறியடித்துத் தேடினோம். வெயிலில் நின்ற எங்கள் காருக்குள் இருந்தாள். பூட்டாத கதவைத் திறந்து ஏறியவளுக்கு உள்ளிருந்து திறக்கத் தெரியவில்லை. உடம்பெல்லாம் வியர்வை, காலில் சப்பாத்து, மடியில் தாத்தா வீட்டுக்கு எடுத்துப்போகும் கோழித்தீனி டின். இன்னும் சற்று நேரம் ஆகியிருந்தால்?

உடனே கிளினிக்குக்கு ஓடினோம். நல்லவேளை, ஆபத்தில்லை. தோழி சொன்னது உட்பட டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கும்மா. பிறக்கிறதுக்கு முந்தின வேற காரணங்களும் சேரலாம். இதனாலதான்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாது. தாத்தா வீட்டுக்குப் போனதால வரல."

சாயங்காலமே செடெனாக் போனோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "வாம்மா, கோழிங்க இன்னும் சாப்பிடல" என்றார் மாமனார்.

இப்போதெல்லாம் காரைப் பூட்டாமல் விடுவதில்லை. சனிக்கிழமை காலையில் யாழினிக்கு முன்பே நான் சப்பாத்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

– ஒரு தாய், செனாய்